படத்தில் இருந்த வழி

துறைமுகக் காவல் நிலையத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு ஆய்வாளர் கேட்க, எழுத்தர் எழுத, வழக்கின் எதிரி சொன்னது:

என் வயது ஐம்பத்து நான்கு. வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பல்களை முகத்துவாரத்தின் வழியாகத் துறைக்குள் கொண்டுவரும் வழிகாட்டி வேலை செய்கிறேன். உரிம எண் ஏழு. பெயர் பதிவேட்டில் இருக்கிறது. துறைமுகத்தில் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள், ஆனால் முகத்துக்கு நேரே இதுவரை யாரும் சொன்னதில்லை. கயிற்றுக் கிடங்குக்குப் பின்னால் உள்ள தெருவில், வெளிப்பக்கம் மாடிப்படி வைத்த வீட்டில் மனைவியோடு குடியிருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. இதற்கு முன் என் மீது வழக்கு கிடையாது. இருபத்தொன்பது வருடத்தில் ஒரு கப்பல்கூட என் கையில் தரை தட்டியதில்லை. வழக்குக்கு அது தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். எனக்குத் தேவை என்று சொல்லி எழுத வைத்தேன்.

நம்மை ஆளும் அரசு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இங்கிருந்து ஒரு மனு போய்ப் பதில் வர ஐந்து மாதம் ஆகும். முகத்துவாரத்துக்கான கடல் வரைபடமும் அங்கேதான் அச்சாகிறது. அதை நாங்கள் படம் என்போம். பதினொரு வருடத்துக்கு முன் வந்த பெருவெள்ளத்தில் மணல்திட்டு இடம் பெயர்ந்து, படத்தில் ஐந்து பாகம், அதாவது முப்பது அடி, ஆழம் என்று போட்டிருக்கும் இடத்தில் இப்போது மூன்று பாகம்கூட இல்லை. இதைப் பற்றி நான் மூன்று மனு போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: மனு கிடைத்தது, படத்தைப் பின்பற்றவும். அதன் பிறகு நானும் மற்ற இரண்டு வழிகாட்டிகளும் மரியாதைக்குப் படத்தை மேசை மேல் விரித்து வைத்துவிட்டு, கரையில் உள்ள ஆலைப் புகைபோக்கியும் தண்ணீர்த் தொட்டியும் ஒன்றை ஒன்று மறைத்து நிற்கிற கோட்டைப் பார்த்துக் கப்பலைக் கொண்டுவந்தோம். யாருக்கும் நஷ்டமில்லை.

சென்ற வருடம் அங்கிருந்து ஒரு புதுத் துறைமுக அதிகாரி வந்தார். எந்தக் கப்பலும் படத்தில் உள்ள வழியை விட்டு விலகக் கூடாது, விலக்கினால் உரிமம் ரத்து, சிறை என்று அவர் உத்தரவு போட்டார். மற்ற இருவரும் அன்றே தங்கள் பித்தளை வில்லைகளைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு மீன்பிடிக்கப் போனார்கள். நான் வைக்கவில்லை. அதனால் என் தெருக்காரர்கள் என்னை அரசாங்க வீட்டு மாப்பிள்ளை என்று கேலி செய்தார்கள். அதற்கடுத்த ஆறு மாதமும் வந்தவை சின்னக் கப்பல்கள். அவை எந்த வழியிலும் மிதக்கும் என்பதால் என் பிழைப்பு ஓடியது.

அதன் பிறகு விளக்கெண்ணெய்க்கும் ஜன்னலுக்கும் வரி வந்தது. எங்களில் ஒருவரையும் கேட்காமல் போட்ட வரி என்று ஊர்ச்சபை கட்ட மறுத்தது. அரசு ஆட்கள் சபைக்காரர்களில் ஒன்பது பேரைப் பிடித்துச் சுங்கக் கிடங்கில் அடைத்து, விசாரணை அக்கரையில் நடக்கும் என்று அறிவித்தார்கள். நான் சபைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு அரசியல் ஒத்துவராது, கூட்டம் என்றாலே தலைவலி வரும். ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவர் என் பல்லைப் பிடுங்கிய வைத்தியர். அவரை விசாரிக்க ஏன் கடல் தாண்ட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு, வரப்போகும் முந்நூறு சிப்பாய்களை ஊர் வீடுகளில் தங்கவைப்பதற்காகக் கதவு கதவாகச் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டுக்கொண்டு போனார்கள். என் கதவில் நான்கு என்று போட்டார்கள். என் மனைவி ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாள் வந்து மறுபடி போட்டார்கள். "இருக்கறது ரெண்டு ரூம். நாலு பேரை எங்கே படுக்க வைக்கறது? உங்க தலையிலயா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

சம்பவத்தன்று காலை ஒன்பது மணிக்குச் சிப்பாய்க் கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே வழிகாட்டி கேட்டுக் கொடி ஏற்றியது. நானும், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்துச் சொல்லும் என் மைத்துனரும் படகில் போய் ஏறினோம். அவர் என் மனைவியின் தம்பி, என்னோடு பதினாறு வருடமாக வேலை செய்கிறார். கயிற்றைப் பார்க்காமலே விரலால் தடவி ஆழம் சொல்லிவிடுவார். நீர் அப்போது வற்றத் தொடங்கியிருந்தது. கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் மூன்றரை பாகம் இருந்தது. கேப்டனுக்கு எங்கள் பேச்சு தெரியாது. அவர்கள் பேச்சு எனக்குத் தெரியும்.

கேப்டன் படத்தை விரித்து, வழியின் மேல் விரலை வைத்து, இதுதானே என்று கேட்டார். ஐயா, வழி மாறிப் பதினொரு வருடமாகிறது, நான் வேறு பக்கமாகக் கொண்டுபோகிறேன் என்று ஒரு முறை சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். அதற்கு அவர் துறைமுக அதிகாரியின் கடிதத்தைக் காட்டி, "இந்தப் படம் எங்கள் நாட்டில் அச்சானது. நீ சொல்வது எங்கே அச்சாகியிருக்கிறது?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. அதன் பிறகு சுக்கான்காரரிடம் படத்தில் உள்ள வழியைச் சொன்னேன்.

என் மைத்துனர் முன்பக்கத்தில் நின்று குண்டை இறக்கி, ஆறு என்றார், பிறகு ஐந்தரை, பிறகு ஐந்து. அதன் பிறகு கயிற்றை ஏற்றி இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "அத்தான், நாலு!" என்று கத்தினார். கேப்டன் என்னிடம், என்ன சொல்கிறான் என்று கேட்டார். படத்தில் ஐந்து பாகம் என்று இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார். இருந்தது. தலையாட்டினார்.

ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே கயிற்றை இழுத்துச் சுருட்டும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் நிறுத்தச் சொல்லியிருந்தால் கப்பல் நின்றிருக்கும். மேல்தளத்தில் ஒரு சிப்பாய் சிறு கண்ணாடியைக் கயிற்றில் மாட்டி முகச்சவரம் செய்துகொண்டிருந்தார், தாடையில் பாதி நுரை இருந்தது. கரையில் ஆலைப் புகைபோக்கி தண்ணீர்த் தொட்டியை விட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. அப்படி விலகுவதை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. நிறுத்துவதற்காக என் கை தானாக மேலே போனது. இறக்கிக்கொண்டேன். "அத்தான், மூணு! அத்தான்!" என்று குரல் வந்தது. அதன் பிறகு கப்பல், அலுத்துப்போன மனிதன் பாயில் உட்காருவது போல, மெதுவாக மணலில் உட்கார்ந்தது. சவரம் செய்தவர் கன்னத்தில் சிறு கீறல் விழுந்தது. வேறு யாருக்கும் காயமில்லை.

கப்பல் ஒன்பது நாள் அங்கேயே இருந்தது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே அலை மோசமாக இருக்கும், உள்ளூர்ப் படகோட்டிகள் இல்லாமல் சிப்பாய்கள் இறங்க முடியாது, ஒரு படகும் போகவில்லை. அந்த நாட்களில் ஊரார் சுங்கக் கிடங்கைத் திறந்து ஒன்பது பேரையும் வெளியே கொண்டுவந்தது எல்லோருக்கும் தெரியும். பத்தாம் நாள் பீரங்கிகளைக் கடலில் தள்ளிவிட்டு, நீர் ஏறியபோது கப்பல் மிதந்து வெளியே போனது.

போவதற்கு முன் கேப்டன் அறிக்கை கொடுத்தார். மூன்று பாகம் இருந்த இடத்தில் குண்டு போட்டவன் ஐந்து என்று பொய் சொன்னான் என்று அதில் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார், அப்படிப் புரியவைத்தது நான். அந்த அறிக்கையின் பேரில் என் மைத்துனரைக் கைது செய்தார்கள். படைக்கப்பலைக் கெடுத்ததற்குத் தூக்கு. என்னையும் சந்தேகத்தில் கைது செய்தார்கள். ஆனால் உத்தரவுப்படி படத்தைப் பின்பற்றியவன் என்பதால் ஒரு கையெழுத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று ஆய்வாளர் ஐயா சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னார்.

நேற்று என் மனைவி எங்கள் இருவருக்கும் சாப்பாடு கொண்டுவந்து, இரண்டு தட்டிலும் ஒரே அளவாக வைத்தாள். "தம்பியைக் காப்பாத்துங்கன்னு உங்ககிட்ட எப்படிக் கேப்பேன்? உங்களைக் காப்பாத்துடான்னு அவன்கிட்ட எப்படிக் கேப்பேன்?" என்றாள். நான் அழவில்லை. அவள் போன பிறகு அழுதேன். அடுத்த அறையிலிருந்து என் மைத்துனர், "நான் பொய் சொன்னதா ஒத்துக்கறேன் அத்தான். அக்காவுக்கு நீங்க வேணும்" என்றார். வாயை மூடிக்கொண்டு தூங்கச் சொன்னேன்.

இந்த இடத்தில் எழுத்தர், கப்பல் 'தவறுதலாக' தரை தட்டியது என்று எழுதினார். அதை அடிக்கச் சொன்னேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று ஆய்வாளர் இரண்டு முறை சொன்னார். அடிக்கச் சொன்னேன்.

என் உரிமத்தின் பின்பக்கம் ஐந்தாம் விதி இருக்கிறது. ஆழம் குறைவதாகக் குரல் கேட்டும் கப்பலை நிறுத்தாத வழிகாட்டி, அதை வேண்டுமென்றே கெடுத்தவனாகக் கருதப்படுவான். என் மைத்துனர் சொன்ன ஆழம் அத்தனையும் சரி. நான்கு என்றதைக் கேட்டேன், மூன்று என்றதையும் கேட்டேன். மணல் எங்கே இருக்கிறது என்று எனக்கு என் வீட்டு மாடிப்படி மாதிரி தெரியும். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இந்த எண்ணம் இல்லை. எங்கே அச்சாகியிருக்கிறது என்று கேட்டபோது வந்தது. பயமாக இருக்கிறது. ஆனாலும் தெரியாமல் தட்டினேன் என்று ஒரு தாளிலும் என் பெயரில் எழுதக் கூடாது.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. ஒரு சொல் அடிபட்டிருப்பது என் விருப்பப்படி.

(ஒப்பம்) வழிகாட்டி, உரிம எண் ஏழு

வழக்கை முடிக்கும் குறிப்பு, ஆய்வாளர் எழுதியது:

இந்த ஊரின் மீது தனக்கு இனி உரிமை இல்லை என்று கடலுக்கு அப்பால் உள்ள அரசு எழுத்தில் கொடுத்துவிட்டதால், இரண்டு வருடமாகத் திறந்திருந்த இந்த வழக்கு இன்று முடிக்கப்படுகிறது. வேறு தாள் இன்னும் அச்சாகி வராததால், பழைய தாளில் தலைப்பை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

மேற்படி வாக்குமூலத்தின் பேரில் குண்டு போட்டவர் மறுநாளே விடுவிக்கப்பட்டார். வாக்குமூலம் தீர்ப்புக்காக அக்கரைக்கு அனுப்பப்பட்டது. இடையில் துறைமுக அதிகாரி ஊரைவிட்டுப் போய்விட்டார். எதிரியை விடுவதற்கு என்னிடம் உத்தரவு இல்லாததால் நிலையத்திலேயே வைத்திருந்தேன். பூட்டுவதற்கு மனம் வராததால் பூட்டவில்லை. அவரும் போகவில்லை. மதியச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு இருந்தார்.

ஐந்தாம் மாதம், தீர்ப்பையும் ஐந்நூறு சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் வந்து, முகத்துவாரத்துக்கு வெளியே வழிகாட்டி கேட்டுக் கொடி ஏற்றியது. மீன்பிடிக்கப் போயிருந்த இரண்டு பழைய வழிகாட்டிகளும் வர மறுத்தார்கள். கொடி மூன்று நாள் பறந்தது. நான்காம் நாள் கப்பல் திரும்பிப் போனது, அதற்குப் பின் உத்தரவோடு எந்தக் கப்பலும் வரவில்லை. தீர்ப்பு என்ன என்பது இன்றுவரை இந்த நிலையத்துக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை, என் கடமை என்பதால் எதிரியின் அறைக்குப் போய், கப்பல் வழிகாட்டி கேட்கிறது, போகிறீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கொடியை நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னது:

"எதுக்கு? அவங்க கையிலதான் படம் இருக்கே."