எலும்பைத் தின்ன ஆள் வைக்கும் கட்டி

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஊன்றுகோல் வைத்திருந்தவர் சொன்னார்:

“என் முட்டியில வந்த கட்டி எலும்ப துன்றதில்ல அண்ணி. ஆள் வெச்சு துன்ன வைக்குது.”

“ஆளா?”

“பழைய எலும்ப கரைக்கிற செல்லுங்க நம்ம உடம்புலயே கீது. கட்டி சைட்டோகைன்னு தூது அனுப்பி அதுங்கள கூப்புடுது. எனக்குப் போடற ஊசி அந்தத் தூத மறிச்சிடும். முட்டி எலும்பு இப்ப கெட்டியாய்க்கினு வருது.”

“டாக்டர் சொன்னாரா?”

“என் பொண்ணு சொன்னா. அதத்தான் ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறா. படிப்ப நிறுத்திட்டு அவளத் தறியில உக்கார வெக்கச் சொன்னியே, நீ!”

அண்ணி சிரித்தார். “சொன்னேன்தான். உன் கால எடுக்கணும்னுகூடத்தான் டாக்டருங்க சொன்னாங்க. எது நடந்துச்சு?”

திருப்பதியில் இறங்கும்போது அண்ணி கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தார்.

“உடு அண்ணி. கீழ என் பொண்ணு நின்னுக்கினு கீறா. நானே எறங்கறத அவ பார்க்கணும்.”

ஊன்றுகோல் அண்ணியின் கையில் இருந்தது.