முந்திரிக்காட்டுக்குள் திறந்த பக்கம்

இந்த எழிலார்ந்த அவைக்குத் தலைமை தாங்கி, இந்த அழகுமலை எப்போது பேசி முடிப்பானோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பண்பாளர், தலைமையாசிரியர் ரகுநாத் அவர்களே! பள்ளிக்குக் கணினி வாங்கிக் கொடுத்த பெருமகனார், மாவு மில் உரிமையாளர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணன் சந்தனம் அவர்களே! பந்தலின் நிழல் நகர நகரத் தாமும் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்கும் பெரியோர்களே! களத்து வேலையை முடித்து, முகம் கழுவி, முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இடமிருந்தும் உட்கார மாட்டோம் என்று உறுதி பூண்டு நிற்கும் இளைஞர் பட்டாளமே! இன்றைய விழாவின் நாயகர்களாகிய கணக்கு ஆசிரியை சிவரஞ்சனி அவர்களே, அறிவியல் ஆசிரியர் பெலிக்ஸ் அவர்களே! அனைவருக்கும் அடியேனின் அன்பு நிறைந்த வணக்கம்!

அடியேனை உங்களுக்குத் தெரியும். ஆலங்குடியில் பிளக்ஸ் அடிக்கிறவன். காதுகுத்தா, கல்யாணமா, கோயில் திருவிழாவா, கட்சிக் கூட்டமா, எல்லாரும் என் கடை வாசலுக்குத்தான் வர வேண்டும். என்ன அங்கிட்டுச் சத்தம்? "என் மீசையைப் பாதியா வெட்டிட்டியே" என்கிறாரா? மூக்கன் அண்ணே, பிளக்ஸ் அகலத்தைக் குறைக்கச் சொன்னது நீங்க. மீசைக்கு நான் எங்கிட்டுப் போறது? உட்காருங்க, உட்காருங்க.

ஆக, முகங்களைப் பெரிதாக்கிப் பிழைப்பவன் நான். அப்படிப்பட்ட நானே வாயடைத்துப் போன கதையைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

நம் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவி விசாலி. காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். அடை மழை. மினிபஸ் படியில் கால் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. புதுக்கோட்டையில் ஆபரேஷன் செய்து, தகடு வைத்து, முந்திரிக்காட்டுக்கு நடுவே இருக்கும் அவர்கள் வீட்டில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். எழுந்து நடக்கவே மாதங்கள் ஆகும் என்றார் மருத்துவர். குவைத்தில் லாரி ஓட்டும் அவள் தகப்பனார் கருப்பையா போனில் முடிவாகச் சொல்லிவிட்டார்: "படிச்ச வரைக்கும் போதும். பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரெண்டு மூணு வருசம் வீட்டுல இருக்கட்டும். நல்ல எடமா வந்தா முடிச்சிருவோம்."

தாய் தெய்வானை என்ன செய்வார்? எதிர்த்துப் பேசுவாரா? பேசிப் பழக்கமில்லை. அழுது தீர்ப்பாரா? அழுதும் பார்த்தார். கடைசியில் இந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். "டீச்சர், எதாவது பண்ணுங்க. இந்தப் பரீட்சைய விட்டுச்சுன்னா எம்புள்ளைய அடுப்படிக்குள்ள விட்டுருவாக" என்றார்.

சிவரஞ்சனி டீச்சரும் பெலிக்ஸ் சாரும் கணினிப் படிப்பு படித்தவர்களா? இல்லை. கூடுதல் சம்பளம் கிடைக்குமா? கிடைக்காது. யாராவது கட்டளை போட்டார்களா? போடவில்லை. "தினமும் நடத்துற பாடத்த எழுத்தாவும் கொரலாவும் ஒரு வெப்சைட்டுல போட்டுட்டா, அந்தப் புள்ள கட்டில்ல இருந்தே கேக்கும்ல?" என்றார் டீச்சர். "போட்டுருவோம் டீச்சர்" என்றார் சார். எப்படிப் போடுவது என்று அப்போது இருவருக்குமே தெரியாது! தெரியாததைத் தெரிந்துகொள்ளத் தங்கள் சனி ஞாயிறுகளைத் தாரை வார்த்தார்கள்.

பக்கம் பிறந்தது. அங்கேதான் நம் ஊர் உள்ளே புகுந்தது! வெப்சைட் என்றால் முகப்பு மங்களகரமாக இருக்க வேண்டாமா? தலைவர் படம், துணைத்தலைவர் படம், பொருளாளர் படம், முன்னாள் தலைவர் படம். முன்னாள் தலைவரைப் போட்டுவிட்டு அவர் மச்சினரை விடலாமா? அவர் படம். எல்லாரும் கைகூப்பியபடி! ஆளுக்கொரு மாலை! பெலிக்ஸ் சார் என் கடைக்கு வந்து, பிளக்ஸுக்கு அடிக்கிற அதே பெரிய படங்களை வாங்கிப் போனார். "சின்னதாக்கிப் போடுறேனே" என்றும் கேட்டுப் பார்த்தார். "என்ன சார், ரேஷன் கார்டு படம் மாதிரி இருக்கு" என்று கழகத்தார் கோபித்துக்கொண்டார்கள். சிரிக்கிறீர்கள். அந்தப் படங்களில் இருந்தவர்கள் பாதிப் பேர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்!

தொடக்க விழா நடந்தது. கேசரி கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பள்ளிக்கூடக் கணினியில் பக்கம் பளபளவென்று திறந்தது.

சாயங்காலம் சிவரஞ்சனி டீச்சர் ஸ்கூட்டியில் விசாலி வீட்டுக்குப் போனார். தெய்வானை போனை எடுத்து நீட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. முந்திரிக்காட்டுக்குள் சிக்னல் அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துச் சந்தனம் அண்ணனின் நெற்றி வந்தது. குங்குமம் வந்தது. கண் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது!

"பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு விசாலி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். இதை டீச்சர்தான் என்னிடம் சொன்னார்.

கனத்த அந்தப் படங்களை எடுத்தால் பக்கம் திறக்கும். ஆனால் யார் போய்ச் சொல்வது? கணினி கொடுத்தவரின் முகத்தைக் கணினியிலிருந்து நீக்குகிறோம் என்று யார் சொல்வது? டீச்சர்தான் மில்லுக்கே போய்ச் சொன்னார். அண்ணன் கொதித்தார். தப்பா நினைக்காதீங்கண்ணே, நடந்ததைச் சொல்கிறேன். "நான் குடுத்த பொருள்ல எம்மூஞ்சி இருக்கக்கூடாதா? ஊருக்குள்ள நான் தலை காட்ட வேணாமா?" என்று கேட்டார். டீச்சர் வாதாடவில்லை. "ஒரே ஒரு தடவ எங்கூட வாங்கண்ணே, அந்தப் புள்ளைய மட்டும் பாத்துட்டுப் போங்க" என்றார்.

போனார். கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். தன் போனில் தானே திறந்து பார்த்தார். திறக்கவில்லை. வாசலுக்கு வந்தார், முந்திரி மரத்தடிக்குப் போனார், கிணற்று மேட்டில் ஏறிப் போனை உயரத் தூக்கிக்கொண்டு நின்றார். தன் முகம் எப்போது வரும் என்று தானே காத்துக்கொண்டு நின்றார்! வரவில்லை. இறங்கி வந்து சொன்னார்: "எடுத்துருங்க டீச்சர். என் படத்த மொதல்ல எடுங்க. மத்தவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன்."

இதற்குத் தட்டுங்கள் கையை! நன்றாகத் தட்டுங்கள்! முகத்தைப் போடச் சொல்லி என் கடைக்கு ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள். எடுக்கச் சொன்ன ஒரு மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வெறும் வெள்ளை. கறுப்பு எழுத்தில் பாடத்தின் பெயர். அதன் கீழே அழுத்தினால் டீச்சரின் குரல். அவ்வளவுதான்! படம் இல்லை, பகட்டு இல்லை, பட்டுச் சால்வை இல்லை. தொட்டவுடன் திறந்தது. அந்த முந்திரிக்காட்டுக்குள், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், பத்தாம் வகுப்பு திறந்தது. அடேயப்பா! இருபது வருடமாக எழுத்தோடும் வண்ணத்தோடும் கிடக்கிறேன். இப்படி ஓர் அழகை என் கையால் நான் அடித்ததில்லை.

விசாலி கேட்டாள். கேட்டுக் கேட்டுப் படித்தாள். ஆனால் தகப்பனார் மனம் மாறவில்லை. தேர்வு நெருங்கியது. "வேணாம்னா வேணாம்" என்பதே குவைத்திலிருந்து வந்த பதில்.

அந்தச் சமயத்தில் வகுப்பில் உயரமும் தொலைவும் என்ற பாடம். பல பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. விசாலி தனக்கு விளங்கிய விதத்தைப் போனில் பேசி டீச்சருக்கு அனுப்பினாள். டீச்சர் அதையும் அந்தப் பக்கத்தில் போட்டுவிட்டார். நான் கேட்டேன். அவள் சொல்கிறாள்: "நான் சாஞ்சு படுத்திருக்கேன். சன்னலுக்கு வெளிய ஒரு தென்னமரம் நிக்கிது. நேரா பாத்துக்கிட்டு இருக்குற கண்ண அந்த உச்சிக்கு எவ்வளவு தூக்கணுமோ, அதான் ஏற்றக்கோணம். கோணமானிய வச்சு அதப் பாத்துக்கிட்டேன். மரம் எவ்வளவு தூரத்துல நிக்கிதுன்னு அம்மா அளந்து சொன்னாக. இப்ப மரத்துல ஏறாமலே அதோட ஒசரத்தச் சொல்லப் போறேன்." சொன்னாள் ஐயா! எழுந்து நடக்க முடியாத பிள்ளை, படுத்த படுக்கையிலிருந்து தென்னையை அளந்தாள்!

இரண்டு நாள் கழித்துப் பெலிக்ஸ் சாருக்கு ஒரு போன். குவைத்திலிருந்து கருப்பையா. லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறார். "சார், தெய்வானை எதையோ அனுப்பிக் கேக்கச் சொன்னா. ஒரு புள்ள தென்னமரத்த வச்சுக் கணக்குச் சொல்லுதே, அது…"

"ஒங்க மகதாங்க."

லாரி இன்ஜின் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று சார் "அலோ, அலோ" என்கிறார். பிறகு அந்த மனிதர் சொன்னார்: "எனக்குப் புரிஞ்சிருச்சு சார்."

"என்னங்க?"

"அந்தக் கணக்கு. நான் ஏழாவதோட நின்னவன். எனக்கே புரிஞ்சிருச்சு சார்." குரல் உடைந்துவிட்டது. "பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு மேலயும் எது வரைக்கும் படிக்கிதோ, படிக்கட்டும்."

இருங்கள், தண்ணீர் கொடுங்கப்பா.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்த் தேர்வு எழுதினாள். தேறினாள். போன வாரம் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். எங்கே இருக்கிறாள் என்று தேடுகிறீர்களா? மூன்றாவது வரிசையில், தெய்வானைக்குப் பக்கத்தில். விசாலி, எந்திரிக்க வேணாம் தாயி. ஒக்காந்தே கும்பிடு போதும். வேணாம்மா, கால் வலிக்கும்…

எந்திரிச்சிருச்சே! ஐயா, பாருங்கள்! எதையும் பிடிக்காமல் நிற்கிறாள், பாருங்கள்!

சிவரஞ்சனி டீச்சர், பெலிக்ஸ் சார், உங்களுக்குச் சால்வை போர்த்தத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். என் கை எதற்கு? அந்தப் பிள்ளையே வந்து போர்த்தட்டும். வழி விடுங்கள், மெதுவாக வரட்டும். அவள் நடந்து வந்து மேடை ஏறும் வரை பொறுமையோடு காத்திருக்கப் போகும் உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. வணக்கம்!