மூன்றாவது கோட்

மச்சான், ஆடி மாதத்தில் தூசி படாமல் பெயிண்ட் அடிப்பது லேசான காரியம் இல்லை. அக்காவின் கருமாதி முடிந்து பம்பாய்க்கு ரயிலேறும் முன்னால் வண்டியைத் தடவிப் பார்த்து, "கண்ணாடியாட்டம் இருக்குடா சுருளி. ஒங்க அக்கா ஞாபகமா நீயே வச்சுக்க" என்றீர்கள். அதனால்தான், அது எப்படி அடிக்கப்பட்டது என்று எழுதுகிறேன். டைரியைப் பார்த்தே எழுதுவதால் நேரமெல்லாம் சரியாக இருக்கும்.

நீங்கள் பம்பாய் போனபோது விட்டுப்போன லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் மூன்று வருடமாக முன்னறையில் சாக்கு மூடிக் கிடந்தது. சரிபண்ணட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "துரு ஏறிக் கெடக்குறதுக்கு நீ ஓட்டுனா அவருக்கும் சந்தோசந்தான்" என்றது. சித்திரையில் எஞ்சினைப் பிரித்தேன். வைகாசி முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தகடுகளை அசையாமல் பிடித்துக்கொண்டது அக்காதான். துருத்தூளில் இளைப்பு வந்துவிடும் என்று முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்ளும்.

மாலைக் கல்லூரியில் வண்டியைப் பற்றி நான் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாது. மில் வேலை முடித்து, பஸ்ஸில் தொங்கி, வேர்த்துப்போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன் ஆசையில் சொல்லிவிட்டேன். "மாப்ள, சித்திரைத் தேரு நெலைக்கு வந்து மூணு மாசமாச்சு. ஒன் வண்டி எந்தத் தெருவுலடா நிக்குது?" என்று கூடப் படிக்கும் வெள்ளைத்துரை கேட்க, வகுப்பே சிரித்தது. திங்கட்கிழமை வண்டியில்தான் வருவேன் என்றேன்.

சனிக்கிழமை அடித்த கோட் வீணாகிவிட்டது. அக்கா இளைப்பு மாத்திரை எடுக்க உள்ளறையிலிருந்து நடுக்கதவைத் திறந்தது. உள்ளறைச் சன்னல் வழியாக வந்த காற்று, ஈரப் பெயிண்டில் மண்ணை வாரி அப்பியது. நான் கோபப்படவில்லை. 'கோபப்படவில்லை' என்று டைரியிலும் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் மறுபடி தேய்த்தேன்.

ஞாயிறு மதியம் தரையில் தண்ணீர் தெளித்துத் தெருக்கதவைச் சாத்தினேன். உள்ளறைச் சன்னலுக்கு வெளியே, சந்துப் பக்கம், ஈரச் சாக்கை வைத்து ஆணி அடித்தேன். முன்னறை அலமாரியைச் செய்தித்தாளால் மூடினேன்; அக்காவின் மாத்திரை டப்பாவும் அதில்தான் இருந்தது. அக்கா உள்ளறையில் படுத்திருந்தது; அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. நடுக்கதவைச் சாத்தி, என் பக்கம் கொண்டியைப் போட்டேன். பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை அக்காவுக்கு ஆகாது என்றுதான் போட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதவுக்கு மேலே கம்பி மட்டும் போட்ட ஒரு முழத் திறப்பு இருப்பது எனக்குத் தெரியும்.

2.10க்கு முதல் கோட். 2.40க்கு இரண்டாவது. 3.05க்கு மூன்றாவதைத் தொடங்கியபோது அக்கா கதவைத் தட்டியது.

"சுருளி, தொறடா. இளைப்பு வருது."

"செத்தப் பொறுக்கா. கடைசிக் கோட்டு."

"மாத்திரையவாச்சும் குடுறா."

மாத்திரை கொடுப்பதென்றால் கதவைத் திறக்க வேண்டும். கோட்டைப் பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் கோடு விழும். நான் நிறுத்தவில்லை.

3.12க்குப் பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் அத்தை தெருவில் நின்று குரல் கொடுத்தது. "என்னடா, வயசுக்கு வந்த புள்ளையாட்டம் வண்டிய உள்ள உக்கார வச்சுட்ட? எப்பத்தான் தண்ணி ஊத்தப் போற?" நான் சிரித்தேன். "அதென்னடா தட்டுற சத்தம்?"

"மட்காடு நெளிசல் எடுக்குறேன் அத்தே."

"ஒங்க அக்கா மலையம்மா எங்க?"

"தூங்குது."

அத்தை போய்விட்டது. அதன் பிறகு தட்டும் சத்தம் கதவின் அடியிலிருந்து, தரையை ஒட்டி வந்தது. '3.20 சத்தம் இல்லை. தூங்கிவிட்டது போல' என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது கோட் காய இருபது நிமிடம் வேண்டும். 3.40க்கு விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. பிறகுதான் கொண்டியை எடுத்தேன்.

கதவு முழுதாகத் திறக்கவில்லை. அக்கா அதன்மேல் சாய்ந்து கிடந்தது.

சந்துக்குப் போய்ச் சாக்கை எடுத்தேன், ஆணிகளைப் பிடுங்கினேன். மாத்திரை டப்பாவை அக்கா கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கப்புறம்தான் கத்தினேன். இளைப்பு முற்றி உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். "பக்கத்துலயே இருந்தும் தெரியலையே, பாவம் இந்தப் பய" என்று சோணையம்மாள் அத்தை என் தலையைத் தடவி அழுதது. நீங்களும் என்னைக் கட்டிக்கொண்டீர்கள். எந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று முதல் தடவையாக வகுப்புக்கு வண்டியில் போனேன். வெள்ளைத்துரை கேலி செய்யவில்லை. வண்டியைப் பார்த்தான், என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

இன்று காலை வண்டியைக் கழுவும்போதுதான் கவனித்தேன். முன் மட்காடில், மூன்றாவது கோட்டுக்குள், கடுகளவு ஒரு தூசி பதிந்திருக்கிறது. உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அது எப்படி வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், மச்சான். அவ்வளவு நேரமும் நான் கதவைத் திறக்கவே இல்லையே.