மூன்று குட்டிகளும் ஒரே நிறம்

காலையில் ஐந்தரைக்கு எழுவேன். பாலை அடுப்பில் வைப்பேன். அது பொங்குவதற்குள் பல் துலக்கிவிடுவேன். பிறகு மனைவியின் முதுகுக்கு மருந்து போடுவேன். இப்போது முதுகு இல்லை, பால் மட்டும் பொங்குகிறது. மற்றபடி பெரிய மாற்றமில்லை, ஐயா.

ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்கில் லேப் வேலை பார்க்கிறேன். நோயாளியின் தோலைச் சுரண்டி, அந்தச் செதிலை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். படர்தாமரை என்றால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். ஆறு வருடத்தில் ஒரு ஸ்லைடைக்கூட நான் தவறாகப் பார்த்ததில்லை.

என் மனைவி கெட்டிக்காரி. எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். கல்லூரி நாளிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை. இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்வாள். "நான் போட்டுவிடட்டுமா?" என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க ஊசியத் தேடி எடுக்கறதுக்குள்ள நான் போட்டுட்டு ஆபீசுக்கே போயிடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி நாலாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு மணி இருபது நிமிடத்துக்குச் சொன்னாள்.

போன வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. ஏழு மணி நேரப் பயணத் தொலைவில், அவள் கம்பெனியின் ஒரு கிளைக்கு மேலாளர். "ரெண்டு வருஷந்தானேங்க. வாரா வாரம் வந்துடறேன்" என்றாள். புதுப் பெட்டியும் வாங்கிவிட்டாள். நான் வாழ்த்துச் சொன்னேன்.

அந்த வாரம்தான் ஒரு டீச்சர் கிளினிக்குக்கு வந்தார். முழங்கையில் வட்ட வட்டமாகத் தடிப்பு. அவர் வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறதாம். மூன்றுக்கும் காதோரம் முடி கொட்டுகிறதாம். "யாராவது ஒண்ண எடுத்துக்கிட்டா புண்ணியமாப் போகும் சார்" என்றார். ஸ்லைடைப் பார்த்தேன். ஊருக்கே காணும் அளவு பூஞ்சை. அன்று மாலையே போய் ஒரு குட்டியைத் தூக்கி வந்தேன். மற்றவர்கள் நிறம் பார்த்துப் பூனைக்குட்டி எடுப்பார்கள். நான் ஸ்லைடு பார்த்து எடுத்தேன்.

அவளுக்குப் பூனை என்றால் உயிர். மடியை விட்டு இறக்கவில்லை. பத்தாம் நாள் முன்கையில் ஒரு வட்டம் வந்தது. அடுத்து கழுத்தில். முதுகில் வந்தபோதுதான் எனக்கு வேலை கிடைத்தது. எவ்வளவு கெட்டிக்காரிக்கும் முதுகு எட்டாதல்லவா.

"உங்க டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிடட்டுமா?" என்று கேட்டாள்.

"நான் கேட்டுட்டேன். இதத்தான் போடச் சொன்னார்" என்றேன்.

சிவப்பை உடனே அமுக்கிவிடும் ஒரு களிம்பு உண்டு. நாலு நாள் சரியாகிவிட்டது போலவே இருக்கும். பிறகு வட்டம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். படர்தாமரைக்கு அதைப் போடவே கூடாது என்று எங்கள் கிளினிக் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவன் நான். காலையும் மாலையும் மெத்தென்று தடவிவிடுவேன். "தேங்க்ஸ்ங்க" என்பாள். வேலையில் சேரும் தேதியை ஒருமுறை தள்ளிப்போட்டாள். பிறகு இன்னொருமுறை.

அந்த நாட்களில் எனக்கு நல்ல பெயர். பார்க்க வந்த மாமியார், "பெத்தவ நான்கூட இப்படிப் பாத்ததில்ல மாப்ள" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா தன் கணவரை வாசலில் நிறுத்தியே கேட்டார்: "அந்தத் தம்பியப் பாருங்க. எனக்குத் தலவலின்னா, மாத்திர எங்கடி இருக்குன்னு என்கிட்டயே வந்து கேக்கற ஆளு நீங்க." மூன்று வருடமாக எங்கள் வீட்டில் சமைத்து, துவைத்து, எல்லாம் பார்த்துக்கொண்டவளை யாரும் வாசலில் நின்று பாராட்டியதில்லை. ஒரு விரலில் களிம்பைத் தொட்டதற்கு எனக்கு இவ்வளவு கிடைத்தது. நான் கேட்டு வாங்கவில்லை.

அவள் குட்டியை மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்க் குணமாக்கிவிட்டாள். காதோரம் முடி முளைத்துவிட்டது. எனவே அதை டீச்சரிடம் கொடுத்துவிட்டு இரண்டாவதை வாங்கி வந்தேன். சொன்னேனே, மூன்றும் ஒரே வீட்டுக் குட்டிகள், ஒரே சாம்பல் நிறம்.

சாயங்காலம் அவள் குட்டியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். "ஏங்க, நேத்து வரைக்கும் இது ஆம்பளப் பிள்ளையா இல்ல இருந்துச்சு?"

"சின்னதா இருக்கறப்ப சரியாத் தெரியாது" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓ" என்றாள். அதன் பிறகு தேங்க்ஸ் சொல்வதை நிறுத்திவிட்டாள். எனக்கு வருத்தந்தான். இரண்டாவதுக்கும் முடி முளைத்ததும் மூன்றாவது குட்டியை வாங்கி வந்தபோது அவள் அதைத் தொடவேயில்லை. போர்வைக்குள் நான்தான் விட்டேன்.

சொறிந்து சொறிந்து கெண்டைக்காலில் புண்ணானது. சர்க்கரை உடம்பு. இரண்டே நாளில் முழங்கால்வரை வீங்கிச் சிவந்தது, காய்ச்சல் தீயாய்க் கொதித்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள்.

துக்கம் கேட்க டீச்சரும் வந்தார். நல்ல மனுஷி. மாமியாரை வைத்துக்கொண்டே, "மூணாவது குட்டிக்காவது சொறி சரியாப் போச்சா சார்?" என்று கேட்டார். "மூணாவதா?" என்றார் மாமியார். அதனால்தான் நான் இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவளைக் கொல்ல நான் நினைக்கவில்லை, ஐயா. அவள் வேறு ஊருக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவளும் போகவில்லை. குட்டிகளைக் கொண்டுவந்தவன் நான், களிம்பைத் தடவியவன் நான், காலில் புண்ணைப் பார்த்தும் இரண்டு நாள் டாக்டரைக் கூப்பிடாதவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு திருத்தம். "நீங்க இல்லாம எனக்கு யாருங்க" என்று அவள் கடைசியாகச் சொன்னதாக உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கேட்டு அழுதார்கள். அது அப்படியே உண்மையில்லை. கடைசி நாள் நான் களிம்போடு கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். அவள் கண்ணைத் திறந்து நர்ஸைப் பார்த்தாள். நான் மூன்று நாளாகத் தூங்கவில்லை, அது அவளுக்குத் தெரியும். என் சிரமத்தை நினைத்துத்தான் சொன்னாள்.

"சிஸ்டர், இவர மட்டும் என்னத் தொட விடாதீங்க."