தார்ப்பாயின் நான்கு மூலைகள்

எனக்கு அட்டைப்பூச்சி என்றால் பயம். அதனால்தான் காட்டை விமானத்திலிருந்து பார்க்கிற வேலையைத் தேடிப் பிடித்தேன் என்று கரமனையில் எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், உண்மைதான்.

விமானத்தில் இரண்டு கருவிகள். ஒன்று என் கேமரா. இலையின் நிறத்தை வைத்து இன்ன மரம் என்று சொல்லும். பதினோரு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். மற்றது என் ஜூனியர் சுமந்தின் லேசர். இலை இடுக்கு வழியாகத் தரைவரை ஒளியை இறக்கி, கீழே இருப்பதைப் புள்ளி புள்ளியாகக் காட்டும். இரண்டில் ஒன்றைத்தான் ஆபீஸ் வைத்துக்கொள்ளும். சீனியர் என்பதால் ஒப்பிட்டு அறிக்கை தரவேண்டியவன் நான்.

கருவி சொல்வது சரியா என்று பார்க்க, ஒருவர் காட்டுக்குள் போய் மரங்களின் பெயரையும் சுற்றளவையும் குறித்து வரவேண்டும். வித்துராவுக்கு மேலே உள்ள காட்டுக்கு எங்கள் களப்பணியாள் சொரிமுத்துவை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை, அவன் திரும்பவில்லை. இரண்டு நாள் தேடினார்கள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி பறந்தோம். படங்களை நான்தான் முதலில் பார்த்தேன். கேமராவில் வெறும் இலைகள். லேசரில், ஓடைப் பள்ளத்து மரங்களுக்கு அடியில், தட்டையாக ஒரு சதுரம். காட்டில் நான்கு மூலையோடு எதுவும் முளைக்காது. அது அவனுடைய தார்ப்பாய். சொன்னால் அவன் கிடைப்பான். ஆனால் லேசர் ஜெயித்துவிடும், என் கேமரா அன்றோடு சரி.

மறுநாள் அவன் மனைவி பொன்செல்வி ஆபீசுக்கு வந்தாள்.

"சாரே, அவிய தார்ப்பாய் எடுத்துட்டாக்கும் போனாவ. மழைன்னா கட்டிட்டு ஒரே எடத்துல இருப்பாவ. மேலருந்து பாத்தா தெரியும்லா?"

"என் கேமரால ஒண்ணும் தெரியலம்மா."

அது பொய்யில்லை. கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் களைப்பு அதைவிட அதிகம்.

அன்று மாலை லேசர் படத்திலிருந்து அந்தச் சதுரத்தின் புள்ளிகளை அழித்தேன். பறவை, பனிமூட்டம் என்று வேண்டாததை நீக்குவது எங்கள் வழக்கம்தான். வியாழக்கிழமை, கேமராவே போதும் என்று அறிக்கையை அனுப்பினேன். அனுப்பியதும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே.

சனிக்கிழமை தேனெடுக்கப் போனவர்கள் அவனைக் கண்டார்கள். கால் முறிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலைவரை உயிர் இருந்திருக்கும் என்றாராம் டாக்டர். அப்படியானால் நான் படத்தில் பார்த்தபோது அவன் அந்தத் தார்ப்பாய்க்கடியில் உயிரோடுதான் இருந்தான். அப்போதும் எனக்கு அது தெரியும். சுமந்திடம் அசல் பதிவு இருக்கிறது, மறுத்துப் பயனில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் பையில் மரங்களைக் குறித்த நோட்டு இருந்திருக்கும். நனையாமல் இருந்தால் ஒரு தடவை கொடுங்கள். கேமரா சொன்னது சரிதானா என்று நான் இன்னும் பார்க்கவில்லை.