குனிந்து ஓடுகிற சைக்கிள்

பண்டத்தரிப்பில் சைக்கிள் திருத்தும் கடையில், ரியூப்புக்கு ஒட்டுப் போடக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இருவர். இளையவரிடம் கைபிடி கீழே வளைந்த ரேசிங் சைக்கிள். மூத்தவரிடம் நேரான கைபிடி வைத்த ஹைப்ரிட்.

"உதிலை கெதியாப் போகலாம்தான். ஆனால் முதுகு நோகுமெல்லே தம்பி? என்ரையிலை நிமிர்ந்திருந்து ஆறுதலாய் ஓடலாம்," என்றார் மூத்தவர்.

"நிமிர்ந்து ஓடினால் ஆக்களின்ரை முகம் தெரியும், அண்ணை."

"தெரிஞ்சால் என்ன?"

"மறிச்சு வைச்சு, என்ரை மனுசி எப்பிடிச் செத்தவ எண்டு கேப்பினம். ஒவ்வொரு சந்தியிலையும் காலை ஊண்டி நிண்டு, முதலிலையிருந்து சொல்ல வேணும்."



"அப்ப நேற்று அளவெட்டிச் சந்தியிலை நான் கூப்பிட்டது உனக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது, அண்ணை."