லட்டுக்குப் போடும் மஞ்சள் பொடி

மயிலாப்பூர் டிராமில் என் முன்னால் உட்கார்ந்திருந்த கல்யாணச் சமையல்காரர், பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் லட்டுக்குப் போடற மஞ்சள் சாயப் பொடியை என் பொண்ணு ஃபெயில் பண்ணிட்டா."

"அவ லபாரட்டரியில எலிக்குக் கொடுத்துப் பார்த்தாளா?"

"ஆமாம். புத்துநோய் வரும், வராது, இன்னும் சொல்ல முடியாதுன்னு மூணு ஜாபிதா எழுதி வெச்சிருக்கா. நம்ம பொடி முதல் ஜாபிதாவுல."

"அப்பா சரக்குன்னு தெரியாதா அவளுக்கு?"

"தெரியும். அதனாலதான் வேற எலிகளுக்குக் கொடுத்து ரெண்டாந்தரமும் பார்த்தா. அப்பவும் அதேதான்."

"ஞாயித்துக்கிழமை கல்யாணம், ஓய். லட்டு வெளுத்திருந்தா சம்பந்தி சண்டைக்கு வருவா. அப்புறம் உம்மை யாரும் கூப்பிட மாட்டா."

"கூப்பிடலேன்னா போகட்டும். என் பொண்ணு கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைப் பந்தியில நின்னு படிச்சுட்டுத்தான் அந்த வெளுத்த லட்டைப் பரிமாறப் போறேன்."